ஐடெல்லாவின் கடைசி இசைத்தட்டு

சீடர் பெண்ட், மிசிசிப்பி
மார்ச் 12, 1972

அன்புத் தங்கை வெர்னீஸுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் உன் சின்னக்கா ஐடெல்லாவும் மெம்பிஸில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் முழங்கால் வலியோடு மண்டியிடுகிறேன். இனி விஷயம். உட்கார்ந்து படி.

நேற்று சபைக் கூட்டத்தில் ஐடெல்லாவின் பெயரை எடுத்தேன். அம்மா இறந்த வருஷம், கர்த்தரின் பாட்டை விட்டுக் கிளப்புகளில் உலகப் பாட்டு பாடுகிறாள் என்று மவுண்ட் கீலேயாத் சபை அவள் பெயரை வாசித்து வெளியே தள்ளியது. நீ அப்போது சிறுமி. இன்று ரேடியோவைத் திருகினால் அவள் குரல். அவள் பாட்டைக் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இந்த ஊரிலேயே எத்தனை பேர். ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் அவளைப் புதைக்க இடம் கிடையாது, ஏனென்றால் அந்த மண் சபையாருக்கு மட்டும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சபை மூப்பர், நம் டீக்கன் ஸ்டோவால், வழக்கம்போல எழுந்தார். பருத்தி ஜின்னிங் மில்லில் வாழ்நாளெல்லாம் இயந்திரத்தோடு நின்று காதைத் தொலைத்தவர். நாம் பேசினால் கண்ணைப் பார்க்க மாட்டார், உதட்டைத்தான் பார்ப்பார். "சாராயக் கடையில பாடின வாயி. இங்க எப்படிம்மா பாடும்?" என்றார்.

"அந்த வாயி எதைப் பாடலைன்னு கேளுங்க டீக்கன்," என்றேன்.

பிறகு சொன்னேன். ஞானப்பாட்டு முடிந்த பின்னும் மனம் அடங்காதபோது, வாயை மூடிக்கொண்டு, வார்த்தையில்லாமல் நெஞ்சிலிருந்து இழுப்போமே, அம்மாவின் முனகல், அதைப் பற்றித்தான். அம்மா சாகும் படுக்கையில் ஐடெல்லாவின் கையைப் பிடித்து, "பொழைப்புக்கு எதை வேணா பாடு. இதை மட்டும் விக்காத," என்று கேட்டாள். ஐடெல்லா வாக்குக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷமும் எந்த இசைத்தட்டிலும் அது இல்லை. "வேணும்னா எல்லாத்தையும் போட்டுக் கேளுங்க," என்றேன்.

எங்கள் பக்கம் ஒரே ஒரு கை அதிகமாக உயர்ந்ததால் ஜெயித்தோம். ஆகஸ்ட்டில் வீடு திரும்பும் ஞாயிறன்று, வடக்கே போனவர்களெல்லாம் வந்து கூடியிருக்கும்போது, ஐடெல்லா பியானோ இல்லாமல் நடுவில் நின்று ஒரு ஞானப்பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். சபை பின்னால் பாடினால் அவள் எங்களவள். வராவிட்டால் அவள் பெயரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று ஸ்டோவால் எழுதி வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. பதில் அவள் கையெழுத்திலேயே வரட்டும்.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் காவலாயிருப்பாராக.
அக்கா ஓர்லீன்


மெம்பிஸ்
ஏப்ரல் 3, 1972

அன்புள்ள பெரியக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சின்னக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் இருக்கும். அவளுக்குத் தொண்டையில் கொஞ்சம் சளி, அதனால்தான் நான் எழுதுகிறேன். ஆகஸ்ட் மாதம் அவளுக்கு வெளியூர்க் கச்சேரி இருக்கலாம் என்று கம்பெனி முதலாளி ஹாலிஸ் சொல்கிறார். அடுத்த வருஷம் வரலாமா என்று சபையில் கேட்டுப் பார்க்க முடியுமா?

பெரியக்கா, அம்மாவின் முனகலைப் பற்றி இப்படியொரு வாக்கு இருப்பதை எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை? நான் அந்த அறையில் இல்லை. நீங்கள் அடுப்படியில் இருக்கச் சொன்னீர்கள். யாராவது தெரியாமல் மீறினால் அதுவும் மீறியதாகுமா? சும்மா கேட்கிறேன்.

மணி அடிக்கிறாள். சூப்புக்காக இருக்கும். முடித்துக்கொள்கிறேன்.

உங்கள் ஜெபத்தில் எங்களை மறக்க வேண்டாம்.
வெர்னீஸ்


சீடர் பெண்ட்
ஏப்ரல் 16, 1972

அன்பு வெர்னீஸுக்கு,

முழங்கால் அப்படியே. நலம் விசாரித்ததற்கு நன்றி.

சளி பிடித்தால் தொண்டை கட்டும். கையுமா கட்டும்? இரண்டு வரி எழுத முடியாத அளவுக்கு அப்படி என்ன சளி? அதென்ன மணி? என் தங்கைக்கு வீட்டுக்குள் ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் தெருக்கோடி வரை கேட்கும். பிறந்த நாளிலேயே மருத்துவச்சியை மிரள வைத்தவள் அவள்.

போன வாரம் கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். நீ எடுத்தாய். சின்னக்கா குளிக்கிறாள் என்றாய். மறுநாள் கூப்பிட்டேன். அப்போதும் குளிக்கிறாள். அவள் பாடகியா, வாத்தா?

இங்கே நான் யாரிடமும் தலை குனியவில்லை. ஸ்டோவால் என்னைத் தபாலாபீஸ் வாசலில் நிறுத்தி, "மகாராணி கிட்டேர்ந்து பதில் வந்துச்சா?" என்று கேட்டார். "ராணின்னா மெதுவாத்தான் வருவாங்க. உங்களை மாதிரி விடியக்காலையில வந்து உக்கார மாட்டாங்க," என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டபோது பயமாக இருந்தது.

அடுத்த வருஷம் என்பது கிடையாது. கை தூக்கியதில் பாதிப் பேர் கிழவிகள். அவர்களே அடுத்த வருஷம் இருப்பார்களா என்று தெரியாது. மறைக்காமல் எழுது.

ஆண்டவர் உனக்கு உண்மை பேசும் வாயைத் தருவாராக.
ஓர்லீன்


மெம்பிஸ்
மே 14, 1972

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சின்னக்காவின் புதிய இசைத்தட்டு வெளியாகியிருக்கிறது. "நான் வரும்வரை தூங்காதே" என்று பெயர். அவளே எழுதிய பாட்டு. இங்கே தெருவெல்லாம் அதுதான். முடிதிருத்தும் கடையில், பஸ்ஸில், மீன் வறுக்கும் கடையில். ஜனங்கள் வாசலில் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அங்கே ரேடியோவில் வந்தால் நீங்கள் கேட்க வேண்டாம். அது உங்களுக்குப் பிடிக்கிற மாதிரிப் பாட்டு இல்லை. காதல் பாட்டு. கேட்டே ஆக வேண்டுமென்றால் முக்கால்வாசி வரைக்கும் கேளுங்கள்.

அன்புடன்
வெர்னீஸ்


சீடர் பெண்ட்
மே 21, 1972

வெர்னீஸ்,

நலம்தான். உன் நலத்தைக் கடைசியில் கேட்கிறேன்.

நேற்று லவீனியாவின் அழகு நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். முடியை நேராக்கும் சுடு சீப்பு தலையில் இருந்தது. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கும் உள்ளே என்னவோ செய்தது. பொய் சொல்ல மாட்டேன். பாட்டு முடிந்தது, தாளம் நின்றது. அதற்குப் பிறகு, யாருமில்லாத கோயிலில் ஒருத்தி தனியாக நிற்பதுபோல, அம்மாவின் முனகல் வந்தது.

லவீனியா சீப்பை எடுக்க மறந்துவிட்டாள். என் காதுக்கு மேலே இன்னும் கொப்புளம் இருக்கிறது. "ஓர்லீன், இதை வித்ததே இல்லைன்னுதானே சபையில நின்னு சொன்ன?" என்றாள். நான் பாதித் தலையோடு எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டோவாலின் மனைவி இசைத்தட்டை வாங்கிவிட்டாள். ஜூன் மூன்றாம் தேதி கூட்டம். அங்கே போட்டுக் காட்டப் போகிறார்களாம். ஐடெல்லாவின் பெயரை அன்றைக்கே அடித்துவிடப் போகிறார்களாம்.

நான் பக்கத்து வீட்டு ரெக்கார்டு பெட்டியில் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஐடெல்லா அந்த முனகலை அம்மாவிடம் கற்றாள். படியில் இறங்குவதுபோல நேராக இறங்குவாள். நான் சரியாகக் கற்கவில்லை. பாதியில் ஓரிடத்தில் வழுக்கிவிடுவேன், அம்மா அதற்கு என்னைத் திட்டியிருக்கிறாள். துணி வேகவைக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இந்தத் தட்டிலும் அதே இடத்தில் வழுக்குகிறது. உலகத்தில் அந்த இடத்தில் வழுக்குகிறவர்கள் இரண்டே பேர். நான் எந்த இசைத்தட்டிலும் பாடவில்லை.

ஐடெல்லா எங்கே? உயிரோடு இருக்கிறாளா? அதை மட்டும் முதல் வரியில் எழுது.

ஓர்லீன்


மெம்பிஸ்
மே 27, 1972

பெரியக்கா,

உயிரோடு இருக்கிறாள். என் பக்கத்து அறையில் இருக்கிறாள்.

குரல்தான் இல்லை. போன நவம்பரில் தொண்டையில் கட்டி என்று சொல்லிக் குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை வழியாக மூச்சு விடுகிறாள். எப்போதும் ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறாள். சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். கூப்பிட வேண்டுமென்றால் மணி. உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். "ஓர்லீன் என்னைப் பாவம்னு பாக்கக் கூடாது. கோவமாவே இருக்கட்டும்" என்று எழுதினாள்.

அந்தப் பாட்டை ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதினாள். வேறொரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் ஹாலிஸ். சின்னக்கா என் கையைப் பிடித்து ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். எங்கள் இருவருக்கும் ஒரே குரல் என்று நீங்களே சொல்வீர்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லைப் பல்லில் கடிக்க வேண்டும் என்று மேஜையில் தட்டித் தட்டி அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவள் பெயரிலேயே வரட்டும் என்று எல்லோரும் தீர்மானித்தார்கள்.

பாட்டை முடித்ததும் எனக்கு மனம் அடங்கவில்லை. நம் சபையில் பாட்டு முடிந்த உடனே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு முனகிவிட்டேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஹாலிஸ் அதை வெட்டவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. படித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சின்னக்கா இன்னும் அந்தத் தட்டைக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்கிறாள். முனகல் அதில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

பெரியக்கா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் அவள் வாக்கு காப்பாற்றப்படும். ஆனால் அது ஊரெல்லாம் பரவும். இது அவள் குரல் இல்லையென்றால் முன்னால் பாடியதெல்லாம் யார் குரல் என்று கேட்பார்கள். அவளிடம் இப்போது மிச்சமிருப்பது அந்தப் பழைய பாட்டுகள்தான். அதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

வெர்னீஸ்


சீடர் பெண்ட்
ஜூன் 5, 1972

வெர்னீஸ்,

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கொல்லையில் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்கு உடுத்த வேண்டியதை இஸ்திரி போட்டேன். வேறு என்ன செய்ய?

அப்பமும் ரசமும் வைக்கிற திருவிருந்து மேஜைமேல் ஸ்டோவால் ரெக்கார்டு பெட்டியை வைத்தார். அந்த இடத்தில் அதைப் பார்த்ததும் கிழவிகளுக்கு ஆகவில்லை. பாட்டு ஓடியது. முனகல் வந்தபோது அவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். "எனக்குக் காதுதான் இல்ல. கைக்குத் தெரியுது. சொல்லு ஓர்லீன், இது உங்கம்மாவோடதுதானே?" என்றார். என் உதட்டையே பார்த்தார்.

"ஆமா," என்றேன்.

"வித்துட்டாளா இல்லையா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐடெல்லா தப்பித்துவிடுவாள் என்று தெரியும். அதே வார்த்தையால் அவள் பெயரே போய்விடும் என்பதும் தெரியும். தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். "இந்த முனகலைச் சொல்லிக்குடுத்தது நான். இதுல இருக்கற தப்பும் என்னோடது. கேக்கறதை என்னைக் கேளுங்க," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீயே பார்.

யாருக்கும் புரியவில்லை. ஸ்டோவாலுக்குக் கோபம் வந்தது. சபைக்குத் தவறான சாட்சி சொன்னேன் என்று என் வெள்ளைக் கையுறையை வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று ஜனங்களை உட்காரவைக்கிற வேலை இனி எனக்கு இல்லை. அந்தக் கையுறை இல்லாமல் என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாஸ்டர் மட்டும், "ஆகஸ்ட்ல அவங்களே வந்து பதில் சொல்லட்டும். அடியெடுத்துக் குடுக்கட்டும். அதுவரைக்கும் பேரை அடிக்க வேண்டாம்," என்றார். ஆக, குரல் இல்லாதவள் வந்து பாட வேண்டும். நான்தான் அவளுக்கு இந்தக் குழியை வெட்டினேன்.

இனி அவளிடம் மறைக்காதே. தட்டைப் போட்டுக் காட்டு. ஊரே கேட்டுவிட்டது. அவள் கேட்காமல் இருப்பது நியாயமில்லை.

ஓர்லீன்


மெம்பிஸ்
ஜூலை 6, 1972

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உங்கள் கையுறையை நினைத்து மனம் ஆறவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது?

தைரியம் வர ஒரு மாதம் ஆனது. போன ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வந்து இசைத்தட்டைப் போட்டேன். சின்னக்கா ரெக்கார்டு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாட்டு முழுக்க விரலால் தாளம் தட்டினாள். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். முனகல் வந்ததும் விரல் நின்றது. ஊசி ஓடி முடிந்து உரசிக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

சிலேட்டில் எழுதினாள்: "கடைசியில் இருப்பது யார் யோசனை?"

"யாரோடதும் இல்லைக்கா. தானா வந்துருச்சு," என்றேன். உங்கள் கடிதங்களையெல்லாம் அவள் மடியில் வைத்தேன். படித்தாள். சிலேட்டைத் துடைத்தாள். அன்றிலிருந்து அதை எடுக்கவேயில்லை. மணியும் அடிப்பதில்லை. நான் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனால் சாப்பிடுகிறாள்.

ஹாலிஸ் வந்தார். பெரிய தியேட்டரில் அவள் மேடையில் நிற்க வேண்டுமாம், நான் திரைக்குப் பின்னால் பாட வேண்டுமாம். "ஜனங்க அவளைப் பாக்கணும்னு துடிக்கறாங்கம்மா. வாயை மட்டும் அசைச்சாப் போதும்," என்றார். சின்னக்கா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் போகும்வரை நின்றாள்.

அவளுடைய துணிப்பெட்டி கட்டில்மேல் திறந்து கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வெர்னீஸ்


சீடர் பெண்ட்
ஜூலை 16, 1972

அன்புத் தங்கைகள் இருவருக்கும்,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை.

ஐடெல்லா, இது உனக்கு. வராதே. மார்ச்சில் வா வா என்று எழுதியவள் இப்போது வராதே என்கிறேன். அத்தனை பேர் விசிறியோடு உட்கார்ந்து பார்த்திருக்க, நீ வாயைத் திறந்து சத்தம் வராமல் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் வருகிறவர்கள் இப்போதே உனக்காக முன் பெஞ்சு கேட்கிறார்கள். ஸ்டோவால் அந்த ஞாயிறுக்குப் புது கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவுக்குப் பக்கத்து இடம் போனால் போகட்டும். நான் சாகும்போது வேறெங்காவது புதைக்கச் சொல்கிறேன். உனக்குப் பக்கத்தில். அம்மா கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவமும் பார்க்கவில்லை. தங்கை என்றுதான் பார்க்கிறேன்.

ஓர்லீன்


மெம்பிஸ்
ஆகஸ்ட் 11, 1972

பெரியக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் வந்துவிடுவாள். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சின்னக்கா நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறாள். நானும் வருகிறேன் என்று காலைப் பிடித்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு சிலேட்டை எடுத்து எழுதினாள்: "நீ வந்தால் எனக்காகப் பாடிவிடுவாய்."

அவளைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

வெர்னீஸ்


சீடர் பெண்ட்
ஆகஸ்ட் 15, 1972

அன்பு வெர்னீஸுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாய், அதனால் நேராகச் சொல்கிறேன்.

ஞாயிறன்று கோயில் கொள்ளாத கூட்டம். ஜன்னலுக்கு வெளியே லாரியின்மேல் ஏறி நின்றார்கள். கொல்லையில் கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணெயை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். ஐடெல்லா நீல உடையில், கழுத்தில் ஸ்கார்ஃபோடு, என் பக்கத்தில் இருந்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எந்திரிச்சு வெளிய போயிரலாம்," என்று காதில் சொன்னேன். என் காலை மிதித்தாள்.

ஸ்டோவால் புதுக் கோட்டில் எழுந்தார். "சகோதரி ஐடெல்லா ப்ரூயிட். அந்தத் தட்டுல உங்கம்மா முனகலை வித்தீங்களா? சபைக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் அடியெடுத்துக் குடுங்க."

அவள் நடுவில் போய் நின்றாள். ஸ்கார்ஃபைக் கழற்றினாள். அந்த ஓட்டையை எல்லோரும் பார்த்தார்கள். விசிறிகள் நின்றுவிட்டன. லவீனியா, "ஐயோ, என் பிள்ளை," என்றாள். ஐடெல்லா ஒரு விரலால் தொண்டையைத் தொட்டு, அந்தக் கையை இல்லை என்று ஆட்டினாள். அவ்வளவுதான் பதில். அது ஆறிப் பல மாதமான தழும்பு. மே மாதம் வெளியான பாட்டை அவள் பாடியிருக்க முடியாது என்பது குழந்தைக்குக்கூடப் புரிந்தது. உண்மையை நான் விழுங்கினேன், நீ மறைத்தாய். அவள் தன் கழுத்தைக் காட்டி முடித்துவிட்டாள்.

அத்தோடு உட்காரவில்லை. காலால் மெதுவாகத் தரையைத் தட்ட ஆரம்பித்தாள். பழைய தாளம். வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை, கழுத்து வழியாகக் காற்று மட்டும் உஸ்ஸென்று போனது. உதடு அசைந்தது. என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. எழுந்து ஏதாவது ஒன்றைப் பாடிவிடலாம் என்று நான் பெஞ்சைப் பிடித்தேன். முழங்கால் எழவில்லை.

அப்போது ஸ்டோவாலின் குரல் கேட்டது. "இருட்டில் என் கையைப் பிடித்தவரே."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திர இரைச்சலில் ஒருத்தர் பேசுவதை ஒருத்தர் உதட்டில் படித்துக் காலம் தள்ளியவர் ஆயிற்றே. அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் அவள் பாடியது கேட்டது. அவள் அடுத்த அடியை உதட்டால் சொன்னாள். அவர் வாயால் சொன்னார். நாங்கள் பின்னால் பாடினோம். சுதி எங்கெங்கோ போயிற்று, அவருக்கு என்றைக்குச் சுதி இருந்திருக்கிறது? ஆனால் அப்படியொரு பாட்டு அந்தக் கோயிலில் கேட்டதில்லை. நான் அழுதுகொண்டே பாடினேன். பாட்டு முடிந்தும் யாரும் உட்காரவில்லை. முனகினோம். அந்த அதிர்வைத் தொடுவதுபோல ஐடெல்லா ஜன்னல் கட்டையில் உள்ளங்கையை வைத்து நின்றாள்.

எல்லாம் அடங்கிய பிறகு வடக்கேயிருந்து வந்த ஒருத்தன், "அப்ப அந்த ரெக்கார்டுல பாடினது யாரு?" என்று கேட்டுவிட்டான்.

ஸ்டோவால் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ரெக்கார்டு? நான் செவிடன்ப்பா. எனக்கு ஒண்ணும் கேக்கல. இங்க வேற யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?"

அத்தனை பேரில் ஒருவர் வாய் திறக்கவில்லை. லவீனியா விசிறியை எடுத்து விசிறிக்கொண்டாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

சாப்பாட்டு மேஜையில் ஸ்டோவால் வந்து என் மடியில் கையுறையைப் போட்டுவிட்டுப் போனார். சோள ரொட்டியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே இருக்கட்டும், அவரோடு நான் ஒரேயடியாகச் சமாதானமாகிவிட்டால் ஊருக்குப் பொழுது போகாது.

உன் சின்னக்கா தனியாக எழுதுகிறாள். கடைசியில் அவள் கைக்குப் பிடித்த சளி விட்டதே.

கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கு.
பெரியக்கா ஓர்லீன்


சீடர் பெண்ட்
ஆகஸ்ட் 16, 1972

வெர்னீஸுக்கு,

சாப்பிடுகிறாயா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். ஓர்லீன் கீரையில் போடும் உப்பு இன்னும் குறையவில்லை.

அந்தத் தட்டைக் கேட்ட பிறகு ஒரு மாதம் உன்னிடம் பேசாமல் இருந்தேன். கோபம் என்று நினைத்திருப்பாய். பாதிதான் கோபம். மீதி பொறாமை. அந்த முனகலை நான் இத்தனை வருஷம் அடக்கி வைத்தேன். ஒவ்வொரு மேடையிலும் அது வாசல்வரை வரும், திருப்பி அனுப்புவேன். பிறகு தொண்டையையே எடுத்துவிட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு சும்மா விட்டுவிட்டாய். அது நன்றாக இருந்தது. ஓர்லீனைப் போல வழுக்கியதுகூட நன்றாக இருந்தது.

வாக்குக் கொடுத்தது நான். நீ கொடுக்கவில்லை. அதனால் இதற்காக இனி அழாதே. ஆனால் என் பெயரில் இன்னொரு தட்டு வேண்டாம். ஹாலிஸிடம் சொல், அடுத்ததில் வெர்னீஸ் ப்ரூயிட் என்று போடட்டும். இல்லையென்றால் கதவு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் பக்கத்தில் என் இடத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன். எறும்புப் புற்று இருக்கிறது. ஒன்றும் அவசரமில்லை என்று ஓர்லீனுக்கு எழுதிக் காட்டினேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு புற்றில் உட்கார்ந்துவிட்டதைக் கண்டுபிடித்து எழுந்தாள்.

உன் அடுத்த பாட்டை இங்கிருந்து கேட்பேன். மூச்சைச் சரியான இடத்தில் வாங்கு.

என் மணியை மட்டும் தபாலில் அனுப்பு. ஓர்லீன் அடுப்படியில் பாட ஆரம்பித்தால் எத்தனை தட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சின்னக்கா